பச்சை மாத்திரை

– இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்னு எத்தனை வாட்டி சொல்லுவீங்க டாக்டர்? நானும் பஸ்ஸுல இப்படித்தான், உள்ள போங்க, உள்ள போங்கன்னு கத்துவேன். உள்ள எங்க இடம் இருக்கும்?

– தள்ளாமத்தான் வெச்சிருக்கேன் கண்டக்டர் சார். உங்க குடல்தான் கேமராவை இறுக்கிப் பிடிக்குது. சிஸ்டர், உங்க அண்ணன் எப்பவும் இப்படித்தான் பேசிக்கிட்டே இருப்பாரா?

– பயந்தா பேசுவார் டாக்டர். ரொம்ப வலி போல, என் கையைப் போட்டு நசுக்கறார்.

– குடல் இப்படி சுருங்கிப் பிடிச்சா போடற ஊசியும் இவருக்கு ஆகாது. ஏற்கனவே நாடி நூத்தி முப்பதுல ஓடுது, அது இன்னும் ஏத்திடும்.

– மென்தால் விட்டுப் பாக்கலாமா டாக்டர்? கரைசல் தயாரா வெச்சிருக்கேன். வெறும் சுருக்கம்னா அதுலயே விட்டுடும்.

– குடுங்க, இருபது மில்லி. சார், கேமரா வழியாவே குடல் மேல மருந்து தெளிக்கறேன். சில்லுன்னு இருக்கும், பயப்படாதீங்க. அட, கிளவுஸ் கிழிஞ்சிருக்கே. சிஸ்டர், இதை அசையாம பிடிங்க, மாத்திட்டு வரேன். மருந்து வேலை செய்யவும் ஒரு நிமிஷம் ஆகும்.

– சரிங்க டாக்டர்.

– போயிட்டாரா?

– வாஷ்பேசின்கிட்ட நிக்கறார். மெதுவா பேசுங்கண்ணா.

– இந்த வாசனை எனக்குத் தெரியும் பாப்பா. நீ குடுப்பியே பச்சை மாத்திரை, ஏப்பம் விட்டா இதே வாசனைதான். எந்நேரமும் புதினா மிட்டாயா கண்டக்டரேன்னு பஸ்ஸுல கிண்டல் பண்ணுவாங்க.

– அதுல இருக்கறதும் இதேதான் அண்ணா.

– அப்ப நல்ல மருந்துதான். எட்டு மாசம் என்னை ஓட்டுச்சே. ஒண்ணு போட்டா ஒரு ட்ரிப் தாங்கும்.

– எட்டு மாசமா ஆச்சு?

– நீதானே அட்டை அட்டையா வாங்கிக் குடுத்த. வெறும் வாயு, நேரத்துக்கு சாப்பிடறதில்லைன்ன. பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டேன்னு காட்டினப்ப, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்கன்னு சிரிச்சியே.

– போதும்ண்ணா. இந்த ரூமுக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் எடை குறைஞ்சுதான்னு கேட்டு எழுதறது நான்தான். உங்ககிட்ட ஒரு வாட்டி கேக்கத் தோணல. ரத்தம் போகுதுன்னு சொன்ன பிறகுதான் எனக்கு உறைச்சுது.

– எதுக்கு அழற? வெறும் சுருக்கமா இருக்கும்னு நீதானே சொன்ன. வலி இப்பவே இறங்குது பாரு.

– வந்துட்டேன். ம்ம், நல்லா விரியுதே. ஸ்கிரீனைப் பாருங்க சிஸ்டர், எவ்வளவு லேசா வழி விடுது. கண்டக்டர் சார், இப்ப உள்ள இடம் இருக்கு.

– அப்ப சீக்கிரம் கடைசி ஸ்டாப்புக்குக் கொண்டு போங்க டாக்டர்.

– சிஸ்டர், இன்னொரு இருபது மில்லி.

– இந்தாங்க டாக்டர்.

– சுத்தி எல்லாம் விட்டுடுச்சு. இந்த ஒரு இடம் மட்டும் அப்படியே நிக்குது. இது சுருக்கம் இல்ல சிஸ்டர்.

– இன்னும் ஒரு நிமிஷம் பாக்கலாம் டாக்டர். ஒரே ஒரு நிமிஷம்.

– ஒரு நிமிஷத்துல விடற இடம் இல்ல இது. உங்களுக்கே தெரியும். ஃபோர்செப்ஸ் குடுங்க, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். கண்டக்டர் சார், இந்த வலி எவ்வளவு நாளா?

– இருக்கும் டாக்டர், எட்டு மாசம்.

– எட்டு மாசமா? இந்த வேலையே பாக்கற தங்கச்சி இருக்காங்க, அவங்ககிட்ட கூடவா ஒரு வார்த்தை சொல்லல?

– டாக்டர், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...

– நீ முதல்ல அவர் கேட்டதை எடுத்துக் குடு பாப்பா. இவளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். போன வாரம்தான் வாயைத் திறந்தேன், கேட்ட கையோட இங்க இழுத்துட்டு வந்துட்டா.