போன வருடத்துச் சந்தைத் தெரு

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். எனக்குச் சாய்ந்து உட்கார்ந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். எங்கள் ப்ராகாயிஸ் குடும்பத்தில் யாருக்குமே இல்லை. மாதாவின் தேர்வடத்தில் முதல் பிடி நான்கு தலைமுறையாக எங்களுடையது.

திருவிழாக் கூட்டத்தை மேலிருந்து கவனிக்க ட்ரோன் விடலாம் என்று நகராட்சி முடிவு செய்தபோது, அதன் படங்களுக்கு நடுவே யாரும் போலியை நுழைக்காதபடி பூட்டுச் செய்தவன் நான். சின்ன ட்ரோன், சின்ன பேட்டரி. கனத்த பூட்டைத் தாங்காது. அதனால் அது அனுப்பும் ஒவ்வொரு படத்துக்கும் ரகசியச் சாவியால் ஒரு முத்திரை, கூடவே ஒரு வரிசை எண். எண் ஏறுமே தவிர இறங்காது. ஒருமுறை வந்த படம் மறுபடி வந்தால் கட்டுப்பாட்டு அறை தள்ளிவிடும்.

கட்டுப்பாட்டு அறையை நடத்தும் என் தம்பி டெல்ஃபின் அந்த எண்ணைச் சேமிக்கும் பகுதியை எடுத்துவிட்டான். பேட்டரி மாற்றுவது சீக்கிரமாகுமாம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் எண் ஒன்றிலிருந்து தொடங்கியது. இனி பழைய படத்தைத் திரும்ப அனுப்பினாலும் அறை ஏற்றுக்கொள்ளும், சாவியையாவது வருடத்துக்கு வருடம் மாற்று என்றேன்.

"ஃபாதர் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்ச சாவி மனோய் அது. மாத்துனா ஊரே சேர்ந்து என்னை ஆத்துல தள்ளிரும்" என்று சிரித்தான். அண்ணனை எங்கள் பக்கம் மனோய் என்றுதான் கூப்பிடுவோம்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு நகராட்சி மண்டபத்தில் பூட்டைச் செய்த பொறியாளர் என்று அவனுக்குப் பதக்கம் போட்டார்கள். பக்கத்தில் நிற்பது யார் என்று மேயர் கேட்டார்.

"என் அண்ணன். பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக் குடுப்பாரு. பாவம், வீட்டுல சும்மா எவ்வளவு நேரம் இருப்பாரு?"

மண்டபம் சிரித்தது. அவன் எழுதப் பழகியது என் மடியில் உட்கார்ந்து.

இந்த வருடத் திருவிழா அன்று காலை, சந்தைத் தெரு ட்ரோனுக்குப் பேட்டரி மாற்றியதும், என் வீட்டு மாடியிலிருந்து, நான் பதிந்து வைத்திருந்த போன வருடத்துப் படங்களை அனுப்பத் தொடங்கினேன். என் கருவிக்கு வலு அதிகம். ட்ரோனின் படம் அமுங்கிப்போனது. போன வருடம் தேர் தாமதம், அந்த நேரத்தில் தெரு பாதி காலி. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து, வெட்கப்பட்டு, என்னிடம் வருவான் என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் கழித்துத்தான் போனில் கூப்பிட்டான்.

"மனோய், சந்தைத் தெருவுல மூச்சு விட இடமில்லன்னு கீழ இருக்கிற பசங்க சொல்றாங்க. படத்துல காலியா இருக்கு. சதுக்கத்துல நிக்கிற கூட்டத்தை அந்தப் பக்கம் விடட்டுமா?"

"முத்திரை என்ன சொல்லுது?"

"சரின்னுது."

"பொறியாளர் நீதானே. உன் முத்திரையை நீயே நம்பலைன்னா எப்படி?"

"நீங்க சொன்னா சரி மனோய்" என்றான். இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சொன்னது அன்றுதான். தடுப்புக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னான்.

என் ஜன்னலிலிருந்து சந்தைத் தெரு முழுவதும் தெரியும். இரைச்சல் அதிகமாக இருந்தது, சாத்திவிட்டேன்.

நெரிசலில் செத்தவர்கள் இருபத்து மூன்று பேர் என்கிறீர்கள். வருத்தம்தான். ஆனால் எழுதுகிறவர் என் பெயரைச் சரியாக எழுதட்டும்: செவெரினோ ப்ராகாயிஸ். டெல்ஃபின் பெயரை அதில் சேர்க்காதீர்கள். இதை முழுக்கச் செய்தவன் நான். அவனுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது.