சுவிட்சின் மூன்றாவது நிலை

மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்ச் ஒன்பதாம் தேதி காலை, எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஒரு சுவிட்சின் மூலைகள் வட்டமாக்கப்பட்டன. அன்று மாலை அதற்காகக் கேக் வெட்டினோம்.

நீங்கள் சிரிப்பதில் தவறில்லை. என் அப்பாவும் கடைசிவரை அப்படித்தான் சிரித்தார். கணினித் திரையில் நீங்கள் தொடுகிற பொத்தான், சுவிட்ச், விரலால் இழுக்கிற பட்டை இவற்றையெல்லாம் எவனாவது ஒருவன் உட்கார்ந்து செய்துதானே ஆக வேண்டும். அந்த ஒருவன் நான். எங்கள் நிறுவனம் இவற்றைத் தொகுப்பாக விற்கிறது. வாங்குகிறவர் அதை வைத்து வங்கிக்கும் மென்பொருள் செய்யலாம், விளையாட்டும் செய்யலாம். மேசைக் கணினி, கைபேசி, ஆலைச் சுவரில் மாட்டிய திரை, எதிலும் ஓடும். சுவிட்ச் என்ன செய்கிறது என்பது ஓரிடத்தில் இருக்கும். எப்படித் தெரிகிறது என்பது தனிக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்புக்குத் தீம் என்று பெயர். ஆள் அதே ஆள்தான், சட்டை மட்டும் வேறு.

நான் தைத்த சட்டைக்கு நிசப்தம் என்று பெயர் வைத்தேன். எங்கள் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, “பார்த்தாலே பிபி குறையுதுப்பா” என்றார். அவருக்குப் பிபி இருந்ததே இல்லை. இருந்தாலும் பாராட்டு பாராட்டுதான்.

சுவிட்சுக்கு இரண்டே நிலைகள் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தொகுப்பில் மூன்று. ஆலைக் குழாயின் வால்வை இயக்குகிற சுவிட்ச் என்றால், வால்வு திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது, நடுவில் இன்னொன்று. மூடச் சொல்லியாயிற்று, இயந்திரத்திடமிருந்து பதில் வரவில்லை. அரசு அலுவலகத்தில் “நாளைக்கு வாங்க” என்பார்களே, அந்த நிலை. திறந்ததற்குப் பச்சையும் மூடியதற்குச் சாம்பலும் கொடுத்திருந்தேன். மூன்றாவதற்குப் படம் எதுவும் கொடுக்காவிட்டால் தொகுப்பு தானாகவே பழைய படம் ஒன்றைப் போட்டுவிடும். மஞ்சளாக, அணைந்து அணைந்து எரியும். என் திரையில் அது கல்யாண ஃபோட்டோவில் தும்முகிறவன் மாதிரி இருந்தது. ஆகவே மூடிய நிலையின் சாம்பல் படத்தையே மூன்றாவதற்கும் கொடுத்தேன். கோப்பில் அது ஒரே வரி. மறந்துவிட்டேன் என்று சொல்லும்படி என் வக்கீல் கெஞ்சுகிறார். மறக்கவில்லை. மறந்திருந்தால் மஞ்சள் வந்திருக்கும்.

எங்கள் குழுவில் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கு அது தெரியும். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டதுதான் எங்களுக்கு எரிச்சல். கேக் வெட்டுவதற்குச் சற்று முன்னால் அவர் என் மேசைக்கு வந்தார்.

“சார், வால்வு மூடாமலே மூடின மாதிரி காட்டுது.”

“மூடிடும்மா.”

“மூடலைன்னா?”

“அது வால்வோட பிரச்சினை. நம்ம விக்கிறது சுவிட்ச்.”

“பார்க்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். அவன் வால்வைப் பார்க்கப் போறதில்ல, உங்க படத்தைத்தான் பார்ப்பான்.”

கையோடு ஒரு மாற்றுப் படமும் வரைந்து கொண்டுவந்திருந்தார். சுவிட்சின் குமிழ் பாதி வழியில் நிற்கிறது, சுற்றிலும் ஒரு மஞ்சள் வளையம். சோதனை செய்கிறவர்கள் படம் வரைந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வாங்கிக் கணினியில் போட்டு வைத்தேன். கேக்கில் பெரிய துண்டாக அவருக்குக் கொடுத்தேன். நான் யாரிடமும் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதில்லை.

நிசப்தம் நன்றாக விற்றது. வாங்கியவர்களில் ஒருவர் குளிர்பதனக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்கிறவர். அந்தக் கிடங்குகளில் ஒன்றில் என் தங்கையின் கணவர் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தார். உலகம் சிறியது என்பார்கள். வாடிக்கையாளர் பட்டியல் அதைவிடச் சிறியது.

அந்த வேலை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். குழாய்களில் குளிரூட்டுவதற்கு அம்மோனியா ஓடும், மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்கிற வாயு. எங்காவது கசிவைத் தடுக்கிற கேஸ்கட் வளையத்தை மாற்ற வேண்டுமானால், கட்டுப்பாட்டு அறையில் இருந்துகொண்டே திரையில் வால்வை மூடிவிட்டு, பிறகு இயந்திர அறைக்குள் போவார்கள். கையால் திருகுகிற வால்வு ஒன்றும் இருந்தது. துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. இவ்வளவு நல்ல திரை இருக்கும்போது அதற்கு எண்ணெய் விடுவது வீண் என்று நிர்வாகம் கருதியது. அதை நானும் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கிடங்கு கொடுத்த குடியிருப்பு அது. இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் லாரிகள். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். அன்று அவரே ஆரம்பித்தார்.

“மச்சான், உங்க புதுத் திரை பார்க்க லட்சணமாத்தான் இருக்கு. ஆனா வாயைத் திறக்க மாட்டேங்குதே.”

“என்ன மாப்ளே சொல்லணும் அது?”

“பழசுல வால்வு மூடுற வரைக்கும் மஞ்சளா துடிச்சிக்கிட்டு இருக்கும். அது நின்னாத்தான் உள்ள போவோம். இது தொட்டவுடனே சாம்பலாயிடுது. சாம்பல்னா மூடிடுச்சுன்னு அர்த்தமா, மூடச் சொல்லியாச்சுன்னு அர்த்தமா?”

கேள்வி அவ்வளவு சரியாக இருந்தது. பூதக்கண்ணாடி ஒரு மணி நேரம் பேசினாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. தங்கை குழம்பு ஊற்றிக்கொண்டே சிரித்தாள். “எங்க அண்ணன் செஞ்சதுலயே குறை கண்டுபிடிக்கிறீங்களா? பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், அது எங்க அண்ணன் போட்ட திரைன்னு.”

“குறை சொல்லலடி. கேட்டுக்கிறேன். செஞ்சவர் எதிர்ல உட்கார்ந்திருக்காரு, வேற யாரைக் கேக்க?”

“மூடிடுச்சுன்னுதான் அர்த்தம்” என்றேன்.

“நீங்க சொன்னா சரி மச்சான்.”

அவ்வளவுதான். பிறகு கிரிக்கெட் பற்றிப் பேசினோம். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறீர்கள். தங்கையின் முகம் சற்று வாடியிருக்கும். மறுநாள் நான் அலுவலகத்துக்குப் போய் அந்த ஒரு வரியை எடுத்திருக்க வேண்டும். என் திரையில் மஞ்சள் வந்திருக்கும். பூதக்கண்ணாடி எதுவும் சொல்லமாட்டார், அதுதான் தாங்காது. ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் இவ்வளவையும் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில் அந்த வால்வு பாதியில் சிக்கிக்கொண்டது. திரை சாம்பலாக இருந்தது. மாப்பிள்ளை உள்ளே போய்க் குழாயின் மூடியைக் கழற்றினார். மற்றது உங்கள் கோப்பில் மருத்துவர் எழுதியிருக்கிறார். என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்.

விசாரணைக்குத் திரையைப் பற்றித் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். நிறுவனம் என்னை அனுப்பியது. செத்தவர் என் சொந்தக்காரர் என்று சொன்னேன். அப்படியென்றால் இன்னும் அக்கறையாகப் பார்ப்பீர்கள் என்றார்கள். அக்கறையாகத்தான் பார்த்தேன். கட்டுப்பாட்டு அறையில் என்னைத் தனியாக விட்டுவிட்டு அதிகாரிகள் டீ குடிக்கப் போனார்கள். அந்தக் கணினி ஒவ்வொரு சுவிட்சும் எந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தது என்று பதிந்து வைத்திருக்கும். நிலையைத்தான் பதியும், நிறத்தைப் பதியாது. அன்று அந்தச் சுவிட்ச் மூன்றாவது நிலையில் நின்றது என்று அதில் தெளிவாக இருந்தது. அது மனிதர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பது என் கோப்பில் மட்டும்தான் இருந்தது.

கோப்பை மாற்றினேன். சாம்பல் இருந்த இடத்தில் மஞ்சளை வைத்து, கோப்பின் தேதியை மரணத்துக்கு முந்தையதாக மாற்றினேன். கைவசம் இருந்தது பூதக்கண்ணாடி வரைந்த படம்தான். சில நாள் கழித்து, மற்ற எல்லா இடங்களிலும் ஓடிய நிசப்தத்துக்கும் அதே படத்தை அடுத்த புதுப்பிப்பில் அனுப்பிவிட்டேன். அன்று அதிகாரிகள் டீ குடித்துத் திரும்பி வந்ததும் சுவிட்சைத் தொட்டுக் காட்டினேன். குமிழ் பாதியில் நின்றது, மஞ்சள் வளையம் வந்தது. ஒருவர், “குருடனுக்குக்கூடத் தெரியுமே சார்” என்றார்.

மாப்பிள்ளையுடன் வேலை பார்த்த ஆபரேட்டர் ஒருவர், அன்றைக்கு மஞ்சளே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய கண்ணைப் பரிசோதித்தார்கள். கண் நன்றாக இருந்தது. ஆகவே அதிர்ச்சி என்று எழுதிக்கொண்டார்கள். அறிக்கை வந்தது: எச்சரிக்கை தெளிவாக இருந்தும் ஊழியர் பார்க்கவில்லை, ஊழியரின் கவனக்குறைவு.

கவனக்குறைவால் இறந்தவரின் குடும்பத்துக்குக் குடியிருப்பு கிடையாது என்பது கிடங்கின் விதி. தங்கை சாமான்களைக் கட்டும்போது நான்தான் கட்டிலைக் கழற்றிக் கொடுத்தேன். திருகுகளைத் தொலையாமல் ஒரு டப்பாவில் போட்டேன்.

“அண்ணே, அன்னிக்குச் சாப்பிடறப்போ சாம்பல்னா மூடினதுன்னு நீதானே சொன்னே? நான் பக்கத்துலதானே நின்னேன்.”

“சொன்னேம்மா. மஞ்சள் நின்ன பிறகு வர்ற சாம்பலைச் சொன்னேன். மாப்பிள்ளை தப்பாப் புரிஞ்சிக்கிட்டார்.”

அவள் வெகுநேரம் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். “அவரு தப்பாப் புரிஞ்சிக்கிற ஆளு இல்லையேண்ணே” என்றாள். பிறகு கேட்கவில்லை. நான் அவள் மனத்தை நோகடிக்காமல் அந்தப் பேச்சை முடித்தேன் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இத்துடன் முடிந்திருக்க வேண்டியது. அந்த அறிக்கையை யாரோ படித்துத் தொலைத்தார்கள். தெளிவான எச்சரிக்கைக்கு எடுத்துக்காட்டு என்று அந்த மஞ்சள் வளையத்தைப் பாராட்டிக் கட்டுரை வந்தது. மற்ற நிறுவனங்கள் அதைப் பார்த்துச் செய்தன. என்னை மேடையில் ஏற்றி, முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அந்தப் படத்தைப் போட்டு, விருது என்று கையில் ஒரு கண்ணாடித் துண்டைக் கொடுத்தார்கள். நான் போகிற லிஃப்டில் அந்த வளையம் இருக்கிறது. பல் டாக்டரின் நாற்காலியில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் நான் இழைத்து இழைத்துச் செய்த நிசப்தத்தை இன்று யாருக்கும் தெரியாது. மஞ்சள் வளையம் போட்டவர் என்றால் தெரிகிறது.

அதையும் சகித்திருப்பேன். சென்ற வாரம் பூதக்கண்ணாடி என் மேசைக்கு வந்தார். வேறு வேலை கிடைத்துப் போகிறாராம்.

“ஒண்ணு சொல்லணும் சார். உங்களைப் பிடிவாதக்காரர்னு வெளியில எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், மன்னிச்சிடுங்க. கடைசியில நான் சொன்னதைக் கேட்டு, அந்தப் படத்தையே போட்டுட்டீங்களே. பேரு வரலைன்னு எனக்கு வருத்தம் இல்ல. பாவம், அந்த மனுஷன்தான் பார்க்காமப் போயிட்டாரு.”

அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவர் பேச்சைக் கேட்டு மாறிவிட்டேன் என்று மனதார நம்புகிறார். நினைத்துப் பாருங்கள், மரணம் நடந்த அன்று அந்த ஆலையில் அவருடைய படம் ஓடிக்கொண்டிருந்தது என்று ஊரெல்லாம் நம்புகிறது. ஓடவில்லை. ஓடியது என்னுடையது. அதை எழுத்தில் பதியச் சொல்லித்தான் நானே இந்தக் காவல் நிலையத்துக்கு நடந்து வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் பெயருக்கு எதிரே உள்ள கவனக்குறைவு என்ற சொல் நீக்கப்படும், தங்கைக்குக் குடியிருப்பு திரும்பக் கிடைக்கும் என்று சொன்னீர்கள். நல்ல செய்தி. அவளுக்கு நீங்கள் தகவல் சொன்னதாகவும், என்னைப் பார்க்க விரும்புகிறாளா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றதாகவும் சொன்னீர்கள். வீடு மாற்றுகிற அலைச்சலில் இருப்பாள்.

வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. தொழில் என்ற இடத்தில் மட்டும் கணினி ஊழியர் என்று போட்டிருந்தார்கள். அதை அடித்து, வடிவமைப்பாளர் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.