மூன்றாம் மாடிக்கு மணி இல்லை

கரியில் சுட்ட ஆட்டுக்கறியின் வாசம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். அதனால்தான் ஆக்லாந்தில், ஓட்டாஹூஹூ கடைத்தெருவில் நான் கட்டிய கட்டடத்தின் கீழ்த்தளத்தை ஹேமியின் உணவகத்துக்குக் கொடுத்தேன். மேலே மூன்று மாடியும் வீடுகள். கீழே வியாபாரம், மேலே குடித்தனம். நகரசபையும் அதைத்தான் விரும்பியது.

புகைக்குழாயைக் கூரை வரை கொண்டுபோக வேண்டும் என்று ஹேமி முதலிலேயே சொன்னான். கொண்டுபோனால் ஒவ்வொரு மாடியிலும் ஓர் அறை போய்விடும். நான் குழாயைப் பக்கச் சுவரோடு முடித்துவிட்டேன். மூன்றாம் மாடியில் அப்படி மிஞ்சிய அறை என் மகள் லெசியேலியின் வீட்டில் இருந்தது. என்றைக்காவது ஒரு பிள்ளை பிறந்தால் இருக்கட்டும் என்று மஞ்சள் வண்ணம் பூசிக் கொடுத்தேன்.

காற்று திரும்பும் மதியங்களில் புகை மாடிப்படியில் ஏறும். தீ எச்சரிக்கை மணி அலறும். கட்டடமே தெருவில் வந்து நிற்கும். லெசியேலி மருத்துவமனையில் இரவுப்பணி செவிலி, பகலில்தான் தூக்கம். தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி வெறுங்காலோடு இறங்கி வருவாள்.

"அப்பா, உங்க கட்டடத்துல மனுஷி தூங்கவே கூடாதா? நேத்து ஊசி போடறப்ப கை நடுங்குச்சு."

"கறி வெந்தா புகை வரத்தான் செய்யும், தங்கச்சி," என்றான் ஹேமி, கடைவாசலில் நின்று. "உங்கப்பாகிட்ட குழாயைப் பத்திக் கேளு."

"என்ன குழாய்?"

"ஒண்ணுமில்லம்மா. நீ மேல போய்ப் படு. இனிமே அடிக்காது."

அவள் படியேறியதும் மணிப் பெட்டியைத் திறந்து மாடிகளுக்கான மணியை அணைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வீணாகப் பயப்படுவார்கள். அதன்பிறகு எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். அவள் முகம் எப்படித் தெளிந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு மதியம், குழாயில் படிந்திருந்த கொழுப்பு பற்றிக்கொண்டது. கடையில் மணி அடித்தது. மேலே அடிக்கவில்லை. ஹேமி கத்திக்கொண்டே ஏறி, இரண்டு மாடிகளில் கதவு கதவாகத் தட்டி ஆட்களை இறக்கினான். மூன்றாம் மாடிக்கு ஏறப் புகை விடவில்லை. அங்கே லெசியேலியோடு எதிர்வீட்டு முதிய தம்பதியும் இருந்தார்கள். அவர்களுக்குக் காது மந்தம். அடித்திருந்தாலும் கேட்டிருக்குமோ என்னவோ.

விசாரிக்க வந்த நீங்கள், மணியை அணைத்தது ஹேமி என்று நினைக்கிறீர்கள். வெந்துபோன கைகளோடு கிடக்கிறான், அவனை விட்டுவிடுங்கள். அணைத்தது நான்தான். பெட்டிச் சாவி என்னிடம் மட்டுமே இருந்தது.

லெசியேலி தூக்கத்திலேயே போய்விட்டாள், கண் விழிக்கவே இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஒருக்களித்துப் படுத்தபடியே இருந்தாளாம். அதைக் கேட்டபோது, ஐயா, தகப்பனாக எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.