ஏழாம் மாதத்து ரத்தம்

பீடியை அணைக்க வேண்டாம், அந்த வெளிச்சம் போதும். நடுவில் கேள்வி கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

அதிகாலை நாலு மணி. விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர் போகிற சாலை. எண்பத்திரண்டாம் வருஷம், தை மாதப் பனி. சைக்கிளில் ஒருத்தன் போகிறான்... கேரியரில் ஐஸ் போட்ட பிளாஸ்க்.

அவன் காசிநாதன். என் சிநேகிதன் சிங்காரவேலுவின் சித்தப்பா மகன். நிலபுலன் உள்ள வீடு. திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள், சொல்லித் தொலைக்கிறேன். ரத்த அணுவுக்குக் கொழுப்பால் ஆன மெல்லிய தோல் உண்டாம். அவனிடம் ஒரு மருந்து இருந்தது. தண்ணீரில் அது இருட்டு. அந்தத் தோலுக்குள் நுழைந்தால் மட்டும் நீலமாக ஒளிரும். தோல் இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று அந்த ஒளியை வைத்து மிஷின் சொல்லும். ஒரு பேனா காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே போகும்.

அந்த ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க வாய்த்தவள் இருசம்மாள். அவர்கள் வயலில் கரும்பு வெட்டுகிறவள். கண் எப்போதும் மஞ்சள். அவள் ரத்தத்தின் தோல் நொய்ந்தது, அந்த மாதிரி இவனுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. மூன்று பிள்ளைகள் அவள் வயிற்றிலேயே செத்திருந்தன. நாலாவது வயிற்றில் ஏழு மாதம்.

"ஒன் ரத்தத்துல வெளிச்சம் விட்டுப் பாத்தா புள்ள தங்குமான்னு தெரிஞ்சிடும். வாராவாரம் குடு. மொத நாள் ராத்திரியிலேருந்து எதுவும் திங்காத" என்றிருந்தான்.

பச்சைப் பொய். அந்த ஒளிக்கு அதெல்லாம் தெரியாது. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் வேறு ரத்தம் ஏற்றுவார்கள், இவன் ஆராய்ச்சி கெட்டுவிடும். வாயை மூடிக்கொண்டான், படித்த பாவி.

மூன்று வாரம் திருச்சியில் வேலை. முந்தின இரவுதான் ஊருக்கு வந்திருந்தான். அவள் தெருவில் போய் எழுப்பி, ரத்தம் எடுத்துக்கொண்டு அப்படியே ரயிலைப் பிடிப்பதாகத் திட்டம். தெரு முனையில் புதிதாக ஒரு சுமைதாங்கிக் கல். அதன் பக்கத்தில் அவளே நிற்கிறாள்... கையை நீட்டிக்கொண்டு.

"வந்துட்டீங்களா சின்னய்யா. இன்னும் ஒண்ணும் திங்கலைங்க."

கல்லின் மேல் கையை வைத்தாள். அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஊசியைக் குத்தினான். ஸ்பிரிட் வாசனை... அதை மீறி ஈர மண் வாசனை. ரத்தம் சில்லென்று வந்தது. பனிதான் என்று நினைத்துக்கொண்டான். ஒரு ஊசி, இரண்டு ஊசி... மூன்றாவதும் எடுத்தான். போதும் என்று அவள் சொல்லவில்லை.

"புள்ள தங்குமாங்க?"

"தங்கும் தங்கும். போ."

மத்தியானம் கல்லூரி இருட்டறையில் அந்த ரத்தத்தைக் கழுவி, மருந்து சேர்த்து, மிஷினுக்குள் வைத்தான். கோடு நேராகப் போக வேண்டும். பேனா குதித்தது. டிக் டிக் டிக்... வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தான், நின்றது. மறுபடி அவள் ரத்தம்... டிக் டிக் டிக். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. பெரியவர்களுக்கு எழுபது, எண்பது. வயிற்றுப் பிள்ளைக்குத்தான் அப்படி அடிக்கும்.

சாயங்காலம் சிங்காரவேலு ஊரிலிருந்து வந்தான்.

"இருசம்மா போயி பதினஞ்சு நாளாச்சுடா. புள்ளையும் வயித்துலயே போச்சு. தெரு முனையில அவளுக்குச் சுமைதாங்கி வச்சிருக்காங்களே, பாக்கல?"

பிள்ளை வயிற்றோடு செத்தவளுக்கு நடுகிற கல் அது.

காசிநாதன் மிஷின் பக்கம் திரும்பினான். பேனா மெதுவாகிக்கொண்டிருந்தது. நூறு... அறுபது... எடுத்த ரத்தம் கெட ஆரம்பித்துவிட்டது. சட்டைக் கையை மடக்கினான். தன் ரத்தத்தை இழுத்து அதே குழாயில் விட்டான். பேனா வேகமெடுத்தது.

சிங்காரவேலு மிஷினை அணைக்கப் போனான்.

"கைய எடுறா. அணைச்சா செத்துடும்."

அன்றிலிருந்து தினமும் கொடுத்தான். வீட்டுக்குப் போகவில்லை. சோறு தின்ற ரத்தம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சாப்பாட்டையும் விட்டான். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு காலையில் இருட்டறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. சிங்காரவேலுதான் உடைத்தான். குழாய் காலி. பேனா நேர்க்கோடு இழுத்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் காசிநாதன், பொத்தான்கள் அவிழ்ந்த சட்டையோடு. உடம்பு முழுக்க ஒரு சொட்டு ரத்தமில்லாமல் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. இடது மார்க்காம்பைச் சுற்றி மட்டும் சப்பின தடமாகச் சிவப்பாக ஒரு வட்டம்... ரொம்பச் சின்ன வட்டம். பல் பதியவில்லை.