ஆக்னஸ் வெதரலின் கல்லறையில் தீட்டிய அரிவாள்

கிட்டத்தில் வந்து உட்காருங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது.

என் தோழி வினிஃப்ரெட்டின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவரே சொல்லிக் கேட்டேன். வினிஃப்ரெட்டிடம் போய் விசாரிக்காதீர்கள், தனக்குச் சித்தப்பாவே கிடையாது என்பாள்.

ராத்திரி ஒன்பதரை. அந்தச் சீமையில் ஜூலை மாதம் அப்போதுதான் இருட்டும். தேவாலயத்திலிருந்து வரும் ஒற்றையடிப் பாதை... இரண்டு பக்கமும் முள்வேலி... ஈ காக்கை இல்லை. சித்தப்பா விழுந்தடித்து ஓடி வந்துகொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் புல் அறுப்பது அவர் வேலை. அரிவாள் மழுங்கினால் சாணைக்கல் தேட மாட்டார். ஆக்னஸ் வெதரலின் கல்லறை இருக்கிறதே, இடுப்பு உயரக் கல்பெட்டி, அதன் மூடி விளிம்பில்தான் தீட்டுவார். அவர் அப்பாவும் அப்படித்தான். ஆக்னஸ் பேர் சொல்லப் பிள்ளை இல்லாதவள். ஆயுசெல்லாம் ஊரார் வீட்டுப் பாத்திரம் தேய்த்துச் சேர்த்த காசை அந்தக் கல்லில் கொட்டி, விளிம்பில் தன் பெயரை வெட்டச் சொன்னவள்.

"அந்தம்மா பேரைத் தேய்ச்சே தீர்த்துடுவ போலிருக்கே மாப்ள" என்று கூட்டாளி சைலஸ் அன்று மத்தியானம்கூடக் கிண்டலடித்தான்.

"செத்தவளுக்குப் பேர் எதுக்குடா? ரேஷன் வாங்கவா போறா?"

இருட்டுகிற நேரத்தில் கடைசி எழுத்தும் போனது. சரக்... சரக்... கையை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து... சரக்... மழையே இல்லாத ஜூலையில் ஈர மண் வாடை. காதோரம் ஒரு பெண் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு:

"என் பேரைத் தின்னுட்டல்ல? இனி உன்னுது."

அரிவாளைப் போட்டுவிட்டு எடுத்தார் ஓட்டம்.

எதிரே சைக்கிளில் சைலஸ். "டேய், நில்லுடா!" என்று கத்தினார் சித்தப்பா.

சைலஸ் தொப்பியைத் தொட்டான். "ஊருக்குப் புதுசுங்களா?" என்று கேட்டுவிட்டு மிதித்துப் போய்விட்டான். விளையாடுகிறான் படுபாவி என்று நினைத்தார் சித்தப்பா. முதுகுக்குப் பின்னால்... சரக்...

வீட்டுக் கதவை இடித்தார். மனைவி ஹெஸ்டர் பாதி திறந்தாள். உள்ளே முட்டைக்கோஸ் வேகும் வாசனை. மேஜையில் ஒரே ஒரு தட்டு.

"யாரு வேணும்?"

"நான்தான்டி! உன் புருஷன்!"

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்களே."

அவள் விரலைப் பார்த்தார். மோதிரம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் போட்டிருந்த தடம்கூட இல்லை. அழுதார். அவளுக்கே பாவமாகிவிட்டது.

"அழாதீங்க. வழி தவறிட்டீங்க போல. உங்க பேரென்ன, சொல்லுங்க?"

சொன்னால் தெரிந்துகொள்வாள். சொன்னால் போதும். வாயைத் திறந்தார்... வரவில்லை. மறுபடி திறந்தார்...

"ஆக்னஸ் வெதரல்."

ஹெஸ்டர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.