எங்கள் வீட்டில் எத்தனை பேர்

— மறுபடி சொல்லும்மா. "எங்கள் வீட்டில் இரண்டு ஜன்னல்கள்..."

— "இருக்கிறது."

— தப்பு! ஒண்ணுன்னா "இருக்கிறது". ரெண்டுன்னா "இருக்கின்றன". இங்கிலீஷ்ல அப்படித்தான். எத்தனை தடவை சொல்றது?

— ஜன்னல் ஒண்ணா இருந்தா என்ன, ரெண்டா இருந்தா என்ன மோ மோ? காத்து வந்தா போதாதா இங்கிலீஷ்காரங்களுக்கு?

— பேச்சை மாத்தாத. அடுத்தது. "எங்கள் வீட்டில் ஒரு சமையலறை இருக்கிறது."

— அதைத்தான் போன மழையில ஐராவதி ஆறு கொண்டுட்டுப் போயிடுச்சே. பக்கத்து வீட்டோட சேர்த்து.

— அப்ப "இருந்தது"ன்னு சொல்லு.

— வேணாம்டி. சமையலறையே இல்லாதவ நமக்கு எங்க சமைக்கப் போறான்னு வீட்டு வேலைக்கு ஆள் கேட்ட அந்த சிங்கப்பூர் அம்மா நினைச்சுக்கும். இருக்குன்னே சொல்றேன்.

— சரி. குளிக்கிற அறைக்கு இங்கிலீஷ்ல என்ன?

— ஓவன்.

— ம்.

— ஏன்டி குரல் உள்ள போகுது? சரிதானே?

— சரிதான். சரிதான்.

— நூ நூ! வீட்ல இருக்கியா? உன் வாசப்படியில கால் வைக்கவே பயமா இருக்குடி, ஆடுது.

— வாங்க தின் மியா அக்கா. பார்த்து ஏறுங்க, ரெண்டாவது படி இல்ல. மோ மோ, ஏஜென்ட் பெரியம்மாவுக்குப் பாய் போடு.

— பாயெல்லாம் வேணாம். நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லு. போன வாரம் டவுன்ல அந்த அம்மாகிட்ட போன்ல என்ன பேசுன? சட்டுன்னு வச்சிடுச்சே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு அக்கா. எனக்கே விளங்கல. நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தேன்.

— நல்லாவா? அவங்க மாமியாரை தினமும் காலையில ஓவன்ல உக்கார வச்சு சோப்புப் போடுவேன்னு சொல்லியிருக்க! நேத்துதான் சிங்கப்பூர் ஏஜென்ட் சொன்னான். சிரிச்சுச் சிரிச்சு அவனுக்கு விக்கலே வந்துடுச்சு.

— ஓவன்னா குளிக்கிற அறைதானே?

— ரொட்டி சுடுற அடுப்புடி!

— ஐயோ என் வாயி! கிழவியை அடுப்புலயா வச்சேன்? மோ மோ, நீதானடி சொல்லிக் குடுத்த... மோ மோ? எங்க பார்க்குற? என்னைப் பாரு.

— தெரிஞ்சேதான் சொல்லிக் குடுத்தேன்.

— என்னது?

— ஓவன் தப்பு. பால்கனின்னா மாட்டுக் கொட்டாய்னு சொன்னேனே, அதுவும் தப்பு. நீ தப்பாப் பேசுனா உன்னை வேணாம்னு சொல்லிடுவாங்கல்ல. அதான்.

— பார்த்தியா நூ நூ? உன் பொண்ணு உன்னையும் கவுத்து, என்னையும் கவுத்துட்டா. ஒரு அறை விடு.

— இருங்க அக்கா. மோ மோ, போன வாரம் நம்ம வாசப்படிக்கும் ஆத்துக்கும் நடுவுல எத்தனை அடி அளந்தோம்?

— ஒம்பது.

— இன்னிக்கு?

— அஞ்சு.

— இன்னும் மழையே ஆரம்பிக்கலடி. உங்கப்பன் மீன்பிடிப் படகுல போயி மூணு வருஷமாச்சு, இருக்கானா இல்லையான்னு ஒரு சேதி இல்ல. இந்த வீடும் போச்சுன்னா எங்கடி படுப்போம்?

— வீடு போனா போகட்டும். நீ போகாத.

— தங்கமே, அப்படிச் சொல்லாத.

— என்னை பிக்குணிங்க மடத்துல விட்டுட்டுப் போவ. மொட்டையடிச்சு ரோஸ் துணி கட்டி விட்டுடுவாங்க. நீ திரும்பி வரும்போது உனக்கு என்னை அடையாளமே தெரியாது.

— உன் காதை வச்சே கண்டுபிடிச்சிடுவேன்டி. உங்கப்பன் காது. ரெண்டே வருஷம். மேட்டுப் பக்கம் செங்கல் வீடு கட்டுறேன். உனக்குத் தனி அறை. பால்கனி கூட.

— அழுகையெல்லாம் அப்புறம். இங்க பாரு நூ நூ, வேற ஒரு அம்மா கிடைச்சிருக்காங்க. இப்ப கூப்பிடுவாங்க, வீடியோல. இதுவும் போச்சுன்னா உன் பேரை அடிச்சிடுவேன், அப்புறம் என்னைக் குறை சொல்லாத. இன்னொண்ணு. உன் பேப்பர்ல குழந்தை இல்லைன்னு எழுதியிருக்கேன்.

— அக்கா!

— குழந்தைக்காரிங்க ஆறு மாசத்துல அழுதுக்கிட்டு ஓடிப்போறாங்களாம். தனியாள்தான் வேணும்னு அந்த அம்மா சொல்லிட்டாங்க.

— இவளை இல்லைன்னு எப்படிக்கா என் வாயால சொல்லுவேன்?

— இங்கிலீஷ்லதானே சொல்ற. அது உன் வாயே இல்லைன்னு நினைச்சுக்கோ. போன் அடிக்குது பாரு! நிமிர்ந்து உக்காரு. ஏய் பொண்ணே, நீ அடுத்த அறைக்குப் போ.

— அடுத்த அறை எங்க இருக்கு பெரியம்மா?

— அட, அதுவும் இல்லையா... சரி, அந்த மூலையில உக்காரு. மூச்சு விடாத.

— அம்மா, குளியலறைன்னா ஓவன் இல்ல. காதைக் குடு, சரியானதைச் சொல்றேன்.

— வணக்கம். நான் பேசும் ஆங்கிலம் புரிகிறதா?

— வணக்கம் மேடம். புரிகிறது மேடம்.

— உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

— எங்கள் வீட்டில் ஒரு கதவு இருக்கிறது. இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன. ஒரு சமையலறை இருக்கிறது.

— என் மாமியாருக்கு நடக்க முடியாது. அவரை எங்கே குளிப்பாட்டுவீர்கள்?

— குளியலறையில், மேடம். வெந்நீரில். மெதுவாக.

— மிகவும் நல்லது. உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

— எங்கள் வீட்டில்...

— கேட்கிறதா? எத்தனை பேர்?

— ஒண்ணுன்னு சொல்லித் தொலைடி நூ நூ!

— எங்கள் வீட்டில்... இரண்டு... இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன, மேடம்.

— ஜன்னல்களைக் கேட்கவில்லை. உங்களுக்குப் பின்னால் யாரோ அழுகிறார்கள். யார் அது? உங்கள் குழந்தையா?

— மேடம்... அது... அவள்...

— நான் பக்கத்து வீட்டுப் பெண், மேடம். இந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார்.