வெளிச்சவீட்டுப் பொண்ணோட பாட்டு

— யாரக் கேட்டு என் பேரக் குடுத்த, பிரேமிளா? வேன நிப்பாட்டு. நான் இறங்குறன்.

— இறங்கி? இந்த அபாயாவோட திரும்ப ஹுன்னஸ்கிரிய வரைக்கும் மலை ஏறப் போறியா? பேசாம உக்காருடி, றலியா. ஒரே ஒரு பாட்டு. நம்ம கூட ஸ்கூல்ல படிச்ச பொம்பளைங்க மட்டுந்தான் ஹோல்ல இருப்பாங்க.

— கண்டியில ஒன்றுகூடல், சாப்பாடு, போட்டோ, அவ்வளவுதான்னு சென்ன. மேடையில பாட்டு ஈக்கின்னு சென்னியா?

— சொன்னா வந்துருப்பியா?

— வந்தீக்க மாட்டன்.

— அதான் சொல்லல.

— யா அல்லாஹ், இவள நான் என்ன செய்ய? தொண்டையில ஒபரேசன் செஞ்ச மனுசிடி நான். தெரியாதா உனக்கு?

— எனக்குத் தெரியாதா? ஆசுபத்திரியில ஒனக்குக் கஞ்சி ஊட்டுனது யாரு, ஒன் மாமியாளா? டொக்டர் என்ன சொன்னாரு? குரலுக்கு ஒண்ணுமே இல்ல, நல்லா பேசுங்க, பாடுங்கன்னு சொன்னாரா இல்லியா?

— சென்னாரு. அவருக்கு என் தொண்டையத் தெரியும். என் குரல் தெரியுமா? பெருநாளைக்குத் தங்கச்சிட புள்ளயத் தூங்க வைக்கப் பாடின. நடுவால குரல் பொட்டுன்னு உடைஞ்சி பெய்த்து. புள்ள முழிச்சி வீறிட்டு அழுத. அண்டைக்கிப் பொறகு நான் வாயத் தொறக்கல்ல.

— பச்சப்புள்ள எதுக்குத்தான் அழாது? என்னையப் பாத்தாலே அழுவும்.

— பகிடி பண்ணாத. பயமா இரிக்கிடி எனக்கு. அத்தன பேருக்கு முன்னால, பாட்டுல உசரமா எடுக்குற இடத்துல குரல் உடைஞ்சிச்சின்னா, அதோட சரி. பொறகு குசினிக்குள்ள சமைக்கிற நேரம் கூட பாட மாட்டன். இப்ப பாடிப் பாக்காம ஈக்கிறதால, ஒரு நம்பிக்கயாவது ஈக்கி.

— ஸ்கூல்ல காலைக் கூட்டத்துக்கெல்லாம் ஒன் குரலத்தானடி கேட்டோம். நீ பாடிக்கிட்டு வர்றப்ப வாத்தியாரம்மா கூட பிரம்பக் கீழ வச்சுருவாங்க. அந்தக் குரல இப்பிடிப் பொட்டிக்குள்ள பூட்டி வச்சுக்கிட்டு நம்பிக்கைங்கிற. எனக்கு ஆத்திரமா வருது.

— வரட்டும். எனக்கு ஏலா.

— சரி, விடு. ஒன் பேர வெட்டிரச் சொல்றேன்.

— மெய்யா?

— மெய்யாத்தான். நான் தனியா பாடிக்கிறேன்.

— நீயா!

— ஏன், எனக்கு வாய் இல்லியா? என்னா பாட்டுன்னு கேளு. நம்ம வெளிச்சவீட்டுப் பொண்ணு பாட்டு.

— அந்த ஜப்பான் காட்டூனா? சனிக்கிழம, எங்கட கடைக்கு மேல, வாப்பாட டீவியில பாத்தமே, அதா?

— அதேதான். பேசுறதெல்லாம் சிங்களம், பாட்டு மட்டும் ஜப்பான் பாஷை. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. ஆனா எங்க தோட்டத்து லயத்துப் புள்ளைங்க அத்தன பேரும் ஒங்க வீட்டு சிமெந்துத் தரையில உக்காந்துக்கிட்டு கத்துனோம் பாரு, கத்து! ஒங்க உம்மா பிளேன்டீ ஊத்திக் குடுத்து, ஆளுக்கொரு துண்டு கருப்பட்டியும் உள்ளங்கையில வைப்பாங்க.

— ரிஸ்மி நானா டீவிக்கு முன்னால ரேடியோவப் புடிச்சி கெசட்டுல பதிஞ்சாரு. ஒருத்தரும் மூச்சு விடப் படாதுன்னு சட்டம் போட்டுட்டு, கடைசியில அவரே தும்மினாரு!

— ஒங்க அண்ணனோட அந்தத் தும்மலோடதானே எத்தன வருசம் கேட்டோம்! இப்ப என் மக நெட்டுல தேடி சுத்தமான பாட்டா எடுத்துக் குடுத்தா. அதுக்கு அடியில எந்தெந்த நாட்டு ஆளுங்களோ எழுதியிருக்காங்கடி. எல்லாம் நம்ம வயசு. இத்தாலியில ஒருத்தன், அம்பது வயசாம், வேலைக்குப் போறப்ப கார்ல இதப் போட்டு அழுவுறானாம்.

— அழாம? அந்தப் பாட்டு அப்பிடி. போடு பாப்பம்.

— போட்டா பாடுவியா?

— கேக்கத்தான்.

— இந்தா... கேட்டியா, அந்த ட்ரம்பெட்? எனக்குக் கையெல்லாம் புல்லரிக்குது.

— கடையில அரிசி மூட்டை அவிழ்த்த வாசம் வார மாதிரி ஈக்கி. உஷ்! நானா தும்முற இடம் வருது.

— அச்சூ!

— அச்சூ! ஹா ஹா, அல்லாஹ்வே, வயிறு நோவுதுடி!

— இப்ப நான் பாடுறேன், பாரு. லலலா லலலா லா...

— ஏய், ஏய்! என்ன இது? பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுறியா?

— பாடுறேன்டி!

— இது பாட்டா? அந்த இடத்துல கீழ வந்து, மெதுவாத்தான் மேல போகணும். நீ எடுத்த எடுப்புலயே மரத்துல ஏறுற.

— அப்ப இப்பிடியா? லா லலலா லா...

— இது அதவிட மோசம்! இதயா அத்தன பேருக்கு முன்னால பாடப் போற? எங்கட பெட்ச் மானமே போகும். கேளு. லாலா லா... லாலா லா...

— லாலாலாலா லா!

— இல்லடி, இழுக்கணும்! லாஆ... லா. எங்க அவசரமாப் போற?

— எனக்கு வரல. திகன வந்துருச்சு, இன்னொரு தடவ மொதல்லேருந்து போடுறேன். நீ முன்னுக்குப் போ, நான் பின்னாலயே வாறேன். அந்தக் கண்ணாடிய எறக்கு, புழுக்கமா இருக்கு.

— சரி, கவனமாக் கேளு. லாலா லா... லாலா லா... இந்த லொறிக்காரன்ட ஹோன் வேற. பாட்டுச் சத்தத்தக் கூட்டுடி, ஒண்டும் கேக்கல்ல!

— கூட்டித்தான் வச்சிருக்கேன். கண்ண மூடிக்கிட்டுப் பாடு, கேக்கும்!

— லாலா லாஆ... லாலா லாஆ...

— ஆமா, போ, போ, நிப்பாட்டாத!

— லாஆஆ... லாஆஆஆ... லாஆஆஆஆ!

— ஆத்தாடி!

— அல்ஹம்துலில்லாஹ்! பாத்தியா, இப்பிடித்தான் முடிக்கணும். ஏன்டி அழுற? ரோட்டப் பாத்து ஓட்டு.

— அழல. கண்ணுல காத்து.

— பொய்க்காரி. அங்க பாரு, பல்லேகல ஸ்டேடியத்து லைட்டுக் கம்பமும் தெரியுது. கண்டி கிட்ட வந்துட்டு, நீ இன்னும் ஒழுங்கா ஒரு அடி பழகல்ல.

— நான் என்னாத்துக்குப் பழகணும்? அந்த உசரமான இடத்த எடுத்த பாரு, றலியா. அப்பிடியே பழைய குரல்.

— அது நான் இல்ல. அந்த ஜப்பான் புள்ளட குரல். மேல போனது அவ. நான் சும்மா வாயத் தொறந்துக்கிட்டு அவளுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்ட.

— அப்பிடியா?

— அப்பிடித்தான். பக்கத்துல ஒருத்தி பாடினா எனக்குப் பயம் இல்லடி. அவ மட்டும் மேடைக்கும் கூட வருவாண்டா, இண்டைக்கே ஏறிப் பாடுவன்.

— அவ எங்கிட்டு வர்றது? அவளத்தான் நான் திகன சந்தியிலேயே எறக்கி விட்டுட்டேனே. அப்பவே பாட்டு செட்ட நிப்பாட்டிட்டேன்டி, றலியா.